சமூக நிதியை யாருக்குக் கொடுப்பது என்று குடியிருப்போரே வாக்களித்தால்?

கேள்வி இதுதான். ஒரு பகுதிக்கு ஆண்டுதோறும் ஒரு சமூக நிதி வருகிறது. நூலகம் நடத்துகிறவர்கள், விளையாட்டுக் குழு, முதியோர் மன்றம், மரம் நடுகிறவர்கள் என்று பலரும் அதற்கு விண்ணப்பிக்கிறார்கள். யாருக்கு எவ்வளவு என்பதை இதுவரை ஏழெட்டுப் பேர் கொண்ட ஒரு கமிட்டி முடிவு செய்துவந்தது. இனி குடியிருப்போரே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. இது சரிப்பட்டு வருமா? ஆள்பலம் உள்ள குழு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடாதா? இணையத்தில் நடத்துவதா, நேரிலா? எவ்வளவு காலம் பிடிக்கும்?

சரிப்பட்டு வரும் என்பதுதான் என் பதில். ஆள்பலம் பற்றிய பயமும் நியாயமானதே. ஆனால் அந்தப் பயத்தைக் காட்டி யோசனையையே கைவிட வேண்டியதில்லை, விதிகளை எழுதும்போதே அதற்கு வழி செய்துவிடலாம். பொதுவாக எல்லாரும் வாக்களிக்கும் நாளைப் பற்றியே யோசிக்கிறார்கள். பணம் யாருக்குப் போகும் என்பது பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே தீர்மானமாகிவிடுகிறது. வாக்குச் சீட்டில் எந்தத் திட்டங்கள் இடம்பெறும், ஒருவர் எத்தனை திட்டங்களைத் தேர்ந்தெடுக்கலாம், விழுந்த வாக்குகளை எப்படி எண்ணுவது ஆகிய மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. இந்த மூன்றையும் கமிட்டியே தனியாக எழுதிவிட்டு, கடைசி நாளில் மட்டும் மக்களைக் கூப்பிட்டால், பழைய முறையேதான் வேறு சட்டை போட்டுக்கொண்டு நடக்கும்.

பொதுப் பணத்தை மக்களே பங்கிடும் இந்த வழக்கம் உலகமெங்கும் பரவியது பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்திலிருந்து. 1989இல் தொழிலாளர் கட்சியின் ஒலிவியோ துத்ரா அங்கே மேயராகப் பொறுப்பேற்றார். நகராட்சியின் முதலீட்டுப் பணத்தை எங்கே, எதற்குச் செலவழிப்பது என்பதைப் பொதுமக்களின் கூட்டங்களில் முடிவு செய்யத் தொடங்கினார்கள். மக்கள் ஓட்டுப் போட்டார்கள், நகரம் மாறியது என்று இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. நகரத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பணம் என்பதை மூன்று அளவுகோல்களை வைத்துக் கணக்கிட்டார்கள்: அங்கே எத்தனை பேர் வசிக்கிறார்கள், அடிப்படை வசதி எவ்வளவு குறைவாக இருக்கிறது, அந்தப் பகுதி மக்கள் எதற்கு முதலிடம் கொடுக்கிறார்கள். வசதி குறைந்த பகுதிக்கு மதிப்பெண் கூடுதல். ஏழைப் பகுதிகள் எண்ணிக்கையில் ஜெயித்துத்தான் பணம் பெற வேண்டும் என்ற நிலையே அங்கு இல்லை. அவர்களுக்கான பங்கு முதலிலேயே ஒதுக்கப்பட்டுவிட்டது, அதற்குள் எது முதலில் என்பதைத்தான் கூடி முடிவு செய்தார்கள். குடிநீர், கழிவுநீர் இணைப்பு உள்ள வீடுகள் 1988இல் 75 சதவீதமாக இருந்து 1997இல் 98 சதவீதமாக உயர்ந்ததாக உலக வங்கியின் ஆவணம் சொல்கிறது.

அதே நகரத்தில் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2004 தேர்தலில் தொழிலாளர் கட்சி தோற்றது. அடுத்து வந்த நிர்வாகங்களின் காலத்தில் இந்த ஏற்பாடு கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்து, 2017இல் நிறுத்திவைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த வேலைகள் நடக்காமல் தள்ளிப்போகத் தள்ளிப்போக, கூட்டத்துக்கு வந்து என்ன பயன் என்ற கேள்வி எழத்தான் செய்யும். இதைப் பற்றிக் கடைசியில் மறுபடி பேசுகிறேன்.

பாரிஸ் 2014இல் இதைத் தொடங்கி, ஆண்டுக்குச் சுமார் 100 மில்லியன் யூரோ வரை கொண்டுபோனது. வயதோ குடியுரிமையோ பாராமல் அங்கே வசிப்பவர் யாரும் வாக்களிக்கலாம் என்றும், அந்தத் தொகையில் 30 மில்லியன் வசதி குறைந்த பகுதிகளுக்கே என்றும் வைத்தார்கள். நியூயார்க்கில் 2011இல் நான்கு நகர மன்ற உறுப்பினர்கள் தங்கள் தொகுதி நிதியில் ஆளுக்குக் குறைந்தது 10 லட்சம் டாலரை இதற்கு விட்டுக்கொடுத்து ஆரம்பித்தார்கள். உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது ஸ்காட்லாந்து. உள்ளாட்சிகள் தங்கள் பட்ஜெட்டில் குறைந்தது 1 சதவீதத்தை மக்கள் பங்கேற்பு முறையில் செலவிட வேண்டும் என்று 2017இல் அங்கே உடன்பாடு ஆனது. அதற்கு முன்பு அங்கே நடந்தவற்றில் பெரும்பாலானவை நீங்கள் சொல்வது போன்ற சிறு மானியங்கள்தான். ஒரு மண்டபத்தில் கூடுவார்கள், ஒவ்வொரு குழுவும் சில நிமிடம் பேசும், வந்தவர்கள் மதிப்பெண் போடுவார்கள், அன்று மாலையே முடிவு தெரிந்துவிடும்.

நகர பட்ஜெட்டுக்கும் சிறு மானியத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நகர பட்ஜெட்டில் சாலையோ பூங்காவோதான் போட்டியிடும், அவற்றுக்குச் சொந்த பந்தம் கிடையாது. மானியத்தில் போட்டியிடுவது குழுக்கள். அவற்றுக்கு உறுப்பினர்கள் உண்டு, அவர்களுக்குக் குடும்பங்கள் உண்டு, ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் 200 பேர் வந்து நிற்பார்கள். கால்பந்துக் குழுவில் 80 பிள்ளைகள் இருந்தால் 160 பெற்றோர் வாக்குகள் கைவசம் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டை விட்டு வெளியே வர முடியாத முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் ஐந்து பேர் குழுவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அந்த முதியவர்களால் மண்டபத்துக்கு வர முடிந்திருந்தால் அந்தக் குழுவே தேவைப்பட்டிருக்காது.

முதல் மருந்து மிக எளிது, செலவும் இல்லை. ஒருவருக்கு ஒரே ஒரு வாக்கு என்று வைக்காதீர்கள். நேரில் கூடும் நிகழ்ச்சியானால், எல்லாக் குழுவும் பேசுவதைக் கேட்டு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டால்தான் சீட்டு செல்லும் என்று வையுங்கள். பட்டியல் நீளமாக இருந்தால், குறைந்தது மூன்று திட்டங்களையாவது தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வையுங்கள். தன் குழுவுக்காக வந்தவர் தன் முதல் தேர்வை அதற்குத்தான் கொடுப்பார், அதில் தவறும் இல்லை. மற்ற இரண்டையும் யாருக்குக் கொடுப்பது என்று அவர் யோசித்தாக வேண்டும். ஒவ்வொரு குழுவின் ஆதரவாளர்களும் தங்கள் குழுவுக்கு ஒரு தேர்வு கொடுத்தபின், மிச்சத் தேர்வுகள்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கும். ஆள்பலம் இல்லாத நல்ல திட்டத்துக்கு ஆதரவு வந்து சேர்வது அந்த இரண்டாவது, மூன்றாவது தேர்வுகளிலிருந்துதான். உங்கள் விதிகளில் ஒன்றை மட்டும் மாற்ற முடியும் என்றால் இதை மாற்றுங்கள் என்பேன்.

அடுத்தது செலவு. வாக்காளர் கையில் திட்டங்களின் பெயர் மட்டும் இருந்தால், பெரிய தொகை கேட்கும் திட்டமும் சிறிய தொகை கேட்கும் திட்டமும் அவருக்கு ஒரே மாதிரி தெரியும். மொத்தத்தில் பாதியை விழுங்கும் ஒரு திட்டம் முதலிடம் பிடித்தால், ஐந்தாறு சிறிய திட்டங்கள் வெளியே போய்விடும். ஒவ்வொரு திட்டத்தின் பக்கத்திலும் தொகையை எழுதுங்கள். சிறு தொகைக்கு ஒரு பட்டியல், பெருந்தொகைக்கு ஒரு பட்டியல் என்று பிரித்துவிட்டால் இன்னும் நல்லது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆஷிஷ் கோயல் குழுவினர் பரிசோதித்த முறை ஒன்று உண்டு. மொத்த நிதி முழுவதையும் ஒவ்வொரு வாக்காளரும் தானே பங்கிட்டுப் பார்க்க வேண்டும்; தேர்ந்தெடுத்தவற்றின் கூட்டுத்தொகை நிதியைத் தாண்டினால் ஒன்றை எடுத்துவிட்டுத்தான் இன்னொன்றைச் சேர்க்க முடியும். பணம் போதாது என்ற உண்மை வாக்காளர் கையிலேயே தெரிகிறது என்பதால் எனக்கு இந்த முறை பிடிக்கும்.

இவ்வளவுக்கும் மேலே நிற்பது எண்ணும் முறை. இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வழக்கமான முறையில், அதிக வாக்கு வாங்கிய திட்டத்திலிருந்து ஆரம்பித்து, பணம் தீரும்வரை வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வருவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிதி 1,00,000. வாக்களிப்பவர்கள் 1,000 பேர். வடக்குப் பகுதியில் 600 பேர், தெற்குப் பகுதியில் 400 பேர். ஒவ்வொரு திட்டத்துக்கும் 20,000 செலவு. வடக்கில் ஐந்து திட்டங்கள், தெற்கில் மூன்று. அவரவர் பகுதித் திட்டங்களையே அவரவர் ஆதரிக்கிறார்கள். வடக்கின் ஐந்தும் தலா 600 வாக்கு வாங்கும், தெற்கின் மூன்றும் தலா 400 வாங்கும். மேலிருந்து கொடுத்துக்கொண்டு வந்தால் வடக்கின் ஐந்து திட்டங்களோடு பணம் தீர்ந்துவிடும். பத்தில் நான்கு பேர் வாக்களித்தும் அவர்கள் பகுதிக்கு ஒன்றுமே கிடைக்காது. அடுத்த ஆண்டும் இதுவேதான் நடக்கும். மூன்றாம் ஆண்டு தெற்கிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

இதைச் சரிசெய்ய டொமினிக் பீட்டர்ஸ், பியோத்தர் ஸ்கோவ்ரோன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வகுத்ததுதான் சம பங்கு முறை. மொத்த நிதியை வாக்காளர்களுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கணக்கில் ஆளுக்கு 100. ஒரு திட்டத்தை ஆதரிப்பவர்கள் அதன் செலவைத் தங்கள் பங்கிலிருந்து சமமாகப் போட்டு வாங்க வேண்டும். வடக்கின் 600 பேர் ஒரு திட்டத்துக்குத் தலா 33 சொச்சம் போடுவார்கள். மூன்று திட்டங்களோடு அவர்கள் பங்கு தீர்ந்துவிடும். தெற்கின் 400 பேர் தலா 50 போட்டு இரண்டு திட்டங்களை வாங்கிவிடுவார்கள். வடக்குக்கு மூன்று, தெற்குக்கு இரண்டு. அறுபதுக்கு நாற்பது என்ற ஆள் விகிதம் அப்படியே பணத்திலும் வருகிறது. இரு பகுதியினரும் விரும்பும் ஒரு பொதுத் திட்டம் இருந்தால், 1,000 பேரும் தலா 20 போட்டால் போதும் என்பதால் அதுதான் முதலில் தேர்வாகும். அதனால் எல்லாருக்கும் பயன்படும் திட்டத்தை எழுத வேண்டும் என்ற உந்துதல் தானாகவே பிறக்கிறது.

இது தாளில் மட்டும் இருக்கும் முறை என்று நினைத்துவிடாதீர்கள். 2023இல் போலந்தின் வியெலிச்கா நகரம் பசுமைத் திட்டங்களுக்கான 10 லட்சம் ஸ்வாட்டி (போலந்து நாணயம்) நிதியை இந்த முறையில்தான் பங்கிட்டது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரத்தில் 50,000 பிராங்க் நிதிக்கு இதைப் பயன்படுத்தினார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் 10 புள்ளிகள். அவற்றைக் குறைந்தது மூன்று திட்டங்களுக்காவது பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இந்த முறைக்கு இரண்டு சங்கடங்கள் உண்டு. சில சமயம் எல்லாருடைய பங்கிலும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சமாகி, எந்தத் திட்டத்தையும் வாங்க முடியாமல் பணம் நின்றுவிடும். அப்போது என்ன செய்வது என்று முன்கூட்டியே ஒரு விதி வேண்டும். இன்னொன்று, 600 வாக்கு வாங்கிய திட்டம் தோற்று 400 வாக்கு வாங்கியது ஜெயித்தால் கூட்டத்தில் நிச்சயம் குரல் எழும். மேலே நான் போட்டது போன்ற சிறிய கணக்கு ஒன்றை வாக்கெடுப்புக்கு முன்னாலேயே எல்லாருக்கும் போட்டுக் காட்டிவிடுங்கள். அப்படிக் காட்ட முடியாது என்று தோன்றினால், பகுதிவாரியாகப் பணத்தை முதலிலேயே பிரித்துவிட்டு, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் பழைய முறையில் எண்ணுங்கள். மக்கள் தாங்களே சரிபார்த்துக்கொள்ள முடியாத எண்ணிக்கையை, அது எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், முதல் ஆண்டிலேயே கொண்டுவர வேண்டாம்.

சரி, சீட்டில் எது வரும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பழைய கமிட்டி தன் அதிகாரத்தை விட்டுக்கொடுத்ததாகச் சொல்லிவிட்டு, விண்ணப்பங்களைச் சலிக்கும் வேலையில் அதை அப்படியே வைத்துக்கொள்வது எளிது. 40 விண்ணப்பம் வந்து 8 மட்டும் சீட்டுக்கு வந்தால், முடிவில் பெரும்பங்கு அங்கேயே எடுக்கப்பட்டுவிட்டது. சலிப்பதற்கு நான்கைந்து கேள்விகளுக்கு மேல் இருக்கக் கூடாது. திட்டம் சட்டத்துக்கு உட்பட்டதா, கேட்கும் தொகை வரம்புக்குள் இருக்கிறதா, சொன்ன காலத்துக்குள் செய்ய முடியுமா, இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்குப் பயன்படுமா, பணத்துக்குக் கணக்குக் காட்ட ஏற்பாடு இருக்கிறதா. நல்ல யோசனையா இல்லையா என்பது சலிப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை, அதற்குத்தான் வாக்கெடுப்பு. ஒதுக்கிய ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். திருத்திக்கொண்டு வர ஒரு வாரமாவது அவகாசம் தர வேண்டும். விண்ணப்பித்திருக்கும் குழுவைச் சேர்ந்தவர் சலிக்கும் இடத்தில் உட்காரக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை, ஆனாலும் எழுதிவையுங்கள்.

விண்ணப்பப் படிவம் பற்றியும் ஒன்று. அழகாக எழுதத் தெரிந்தவருக்குப் பணம் போவது கமிட்டி முறையின் பழைய குறை. அதை வாக்கெடுப்புக்கும் கொண்டுவர வேண்டாம். ஒரு பக்கத்துக்கு மேல் கேட்காதீர்கள். எழுத வராதவர் வாயால் சொன்னால் எழுதிக்கொடுக்க இரண்டு தன்னார்வலர்களை வையுங்கள். மேடையில் பேச எல்லாருக்கும் ஒரே அளவு நேரம். படம் போட்டுக் காட்டும் வசதி எல்லாருக்கும் உண்டு, அல்லது யாருக்கும் இல்லை.

வாக்கைவிடப் பேச்சே முக்கியம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் நியாயம் இருக்கிறது. 1996இல் கேரளத்தில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் இதற்கு நல்ல சான்று. மாநிலத்தின் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கப்பட்டது. கிராம சபைகளில் குறைகளைப் பேசினார்கள், அதை வைத்து வளர்ச்சிக் கருத்தரங்குகள் நடத்தினார்கள், துறைவாரியாகக் குழு அமைத்துத் திட்டம் எழுதினார்கள். சீட்டுப் போட்டு எண்ணுவது அங்கே மையமாக இல்லை. பேசும்போது இரண்டு திட்டங்கள் ஒன்றாகச் சேரும், ஒருவர் கேட்டதைவிட மற்றவர் தேவை அவசரம் என்று அவரே ஒப்புக்கொள்வார். சீட்டால் இதைச் செய்ய முடியாது. ஆனால் பேச்சுக்கு அதன் சொந்தக் கோளாறு உண்டு: பேசத் தெரிந்தவர், வயதில் மூத்தவர், செல்வாக்குள்ளவர் சொன்னதே கூட்டத்தின் முடிவாகிவிடும். அதனால் திட்டங்களை உருவாக்கும் கட்டத்தில் நிறையப் பேச்சும், முடிவெடுக்கும் கட்டத்தில் ரகசியச் சீட்டும் வேண்டும் என்பது என் கருத்து. கை தூக்கச் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் குழுவுக்கு எதிராகக் கை தூக்குவது யாருக்கும் எளிதல்ல.

யார் வாக்களிக்கலாம்? அங்கே வசிப்பவர் எல்லாரும். வாக்காளர் பட்டியலைப் பிடித்துக்கொண்டால் வாடகைக்கு இருப்பவர், வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர், பிள்ளைகள் எல்லாரும் வெளியே நிற்பார்கள், இந்த நிதி அதிகம் தேவைப்படுவதும் பல சமயம் அவர்களுக்குத்தான். நியூயார்க்கில் 11 வயதுப் பிள்ளையும் வாக்களிக்கலாம். பாஸ்டன் நகரம் 2014இல் 10 லட்சம் டாலரை 12 முதல் 25 வயது வரையுள்ளவர்கள் கையிலேயே விட்டது. வசிப்பதற்குச் சான்றாக ஏதோ ஒரு தபால் உறை, ரசீது, பள்ளி அடையாள அட்டை போதும். பெரிய தொகையானால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறியீட்டு எண்ணை அனுப்பலாம், ஆனால் ஒரு வீட்டில் எத்தனை பேர் என்ற கணக்கு அதில் சிக்கல் ஆகும்.

இணையமா நேரா என்ற கேள்விக்கு, தொகை சிறியதாக இருந்தால் நேரில் என்றே சொல்வேன். இணையத்தில் திறந்து விட்ட வாக்கெடுப்பு, யார் அதிகம் இணைப்பைப் பரப்புகிறார்கள் என்ற போட்டியாகிவிடுகிறது. 2010இல் பெப்சி நிறுவனம் அமெரிக்காவில் இரண்டு கோடி டாலர் வரை நற்பணிகளுக்கு இணைய வாக்கின் மூலம் கொடுப்பதாக அறிவித்தபோது, ஒருவருக்காக இன்னொருவர் போடும் பதிலி வாக்குகள் பற்றியும், நீ எனக்குப் போடு நான் உனக்குப் போடுகிறேன் என்ற வாக்குப் பண்டமாற்று பற்றியும் புகார்கள் குவிந்தன. உண்மையில் அந்தப் பகுதியில் இல்லாதவர்கள் முடிவைத் தீர்மானிக்க வழி இருந்தால் அது தானாகவே நடக்கும். நேரில் நடத்தும்போதோ, வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தை வைத்திருப்பவர், நடக்க முடியாதவர் வர முடியாது. ஒரே நாள் நிகழ்ச்சியோடு நிறுத்தாமல், நூலகம், பள்ளி, மருத்துவமனை என்று மக்கள் எப்படியும் போகிற இடங்களில் ஒரு வாரம் பெட்டி வையுங்கள். வீட்டிலிருந்து வெளியே வர முடியாதவர்களிடம் பெட்டியை எடுத்துக்கொண்டு போங்கள், அப்படிப் போகிறவர்கள் எந்தக் குழுவையும் சேராதவர்களாக இருக்கட்டும். இவ்வளவு செய்தும் பல நகரங்களில் நூற்றுக்குச் சில பேர்தான் வாக்களிக்கிறார்கள். அதைக் கேட்டு மனம் தளர வேண்டாம், ஏழெட்டுப் பேர் முடிவு செய்த இடத்தில் இப்போது சில நூறு பேர் முடிவு செய்கிறார்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட யார் வரவில்லை என்பதைக் குறித்துவைத்துக்கொள்வது அடுத்த ஆண்டுக்கு உதவும்.

எல்லாவற்றையும் வாக்குக்கு விடக் கூடாது என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான இல்லம், போதையிலிருந்து மீள்கிறவர்களுக்கான உதவி, எண்ணிக்கையில் சிறிய சமூகங்களுக்கான திட்டம் ஆகியவை பூங்காவோடும் விளையாட்டுத் திடலோடும் போட்டியிட்டு ஜெயிக்க வேண்டியவை அல்ல. அவற்றுக்கு ஒரு பங்கை முன்பே ஒதுக்கி, அந்த நிலையை அனுபவித்தவர்களையே முடிவெடுக்கச் சொல்லலாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 2008இல் தொடங்கப்பட்ட ஒரு சர்வதேச நிதியத்தில், மானியத்தை முடிவு செய்யும் குழுவிலேயே மாற்றுத்திறனாளிச் செயல்பாட்டாளர்கள் இருக்கிறார்கள். அதே போல, அரசாங்கம் எப்படியும் செய்தாக வேண்டிய வேலையையும் சீட்டில் போடாதீர்கள். நியூயார்க்கில் பள்ளிக் கழிப்பறைகளைப் பழுதுபார்க்கும் திட்டங்கள் வாக்குச் சீட்டுக்கு வந்தபோது, பிள்ளைகளின் கழிப்பறைக்கு எதற்கு ஓட்டு என்று கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள்.

இதனால் உண்மையில் என்ன நன்மை என்று கேட்பவர்களுக்கு: பிரேசிலின் நகராட்சிகளை ஒப்பிட்டு 2014இல் வெளியான ஆய்வுகளில், இந்த முறையைக் கைக்கொண்டவை சுகாதாரத்துக்கும் துப்புரவுக்கும் கூடுதலாகச் செலவிட்டதும், அங்கே சிசு மரணம் குறைந்ததும் தெரியவந்தது. அது நகராட்சியின் முதலீட்டுப் பணம் மக்கள் கைக்கு வந்ததன் விளைவு. சிறு மானியத்திடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. இங்கே கிடைப்பது வேறு வகை: பக்கத்துத் தெருவில் யார் என்ன செய்கிறார்கள் என்று முதல் தடவையாகத் தெரியவரும், தோற்ற குழுவுக்கு அதே மண்டபத்தில் உதவ ஆள் கிடைக்கும். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

தோற்றவர்களை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். கமிட்டி மறுத்தால் கமிட்டிமேல் கோபித்துக்கொள்ளலாம், சுற்றியிருப்பவர்கள் மறுத்தால் அது தைக்கும். எத்தனை வாக்கு வாங்கினார்கள், எங்கே ஆதரவு இருந்தது, வேறு எந்த நிதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். மண்டபத்துக்கு வந்த எல்லாக் குழுவுக்கும் ஒரு சிறு தொகையாவது கொடுத்துவிடும் ஏற்பாடும் செய்யலாம், வந்து பேசியதற்கான செலவாவது மிஞ்சும்.

காலக் கணக்கு: முதல் ஆண்டுக்கு ஐந்து மாதம் வைத்துக்கொள்ளுங்கள். விதிகளை எழுத ஒரு மாதம், அதைக் குடியிருப்போரே எழுத வேண்டும்; விண்ணப்பத்துக்கு ஆறு வாரம்; சலித்துத் திருத்த மூன்று வாரம்; பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி வைக்க இரண்டு வாரம்; வாக்கெடுப்புக்கு ஒரு வாரம்; பணத்தைக் கொடுத்து முடிக்க ஒரு மாதம். இதற்கு மேல் இழுத்தால் ஆர்வம் வற்றிவிடும். நடத்தும் செலவு மொத்த நிதியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுகிறது என்றால் நிகழ்ச்சியை எளிமையாக்குங்கள்.

இந்த அட்டவணையில் கடைசி மாதத்தைத்தான் எல்லாரும் அலட்சியப்படுத்துகிறார்கள். போர்ட்டோ அலெக்ரேயில் ஒவ்வொரு ஆண்டும் எந்தப் பகுதியில் எந்த வேலை நடக்கப் போகிறது என்று முதலீட்டுத் திட்டத்தை அச்சடித்தே கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க முடிந்தது. உங்கள் நிதிக்கு ஒரே ஒரு தாள் போதும்: குழுவின் பெயர், தொகை, பணம் கொடுத்த தேதி, வேலை எந்த நிலையில் இருக்கிறது. வாக்குப் பெட்டி வைத்த அதே இடங்களில் அதை ஒட்டி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். பணம் வாங்கிய குழு கலைந்துபோனாலோ, வேலை நடக்காமல் தொகை திரும்பி வந்தாலோ, தேர்வாகாதவற்றில் அடுத்த இடத்தில் இருக்கும் திட்டத்துக்கு அது போகும் என்பதையும் முதல் மாதமே விதியில் எழுதிவிடுங்கள். பிறகு எழுதப் போனால், யாருக்குப் போகும் என்று தெரிந்துகொண்டே எழுதுகிறீர்கள் என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள்.